எதோடு கொடுக்கிறீர்கள்?

முருகன் துணை

தியாகராய நகர்,
14.8.1995

அன்புள்ள டாக்டர் சாருலதா அம்மாவுக்கு, சண்முகவடிவு வணக்கத்துடன் எழுதுவது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நிரஞ்சன். இந்தப் பக்கம் நான், என் மேல் சாய்ந்தபடி கீர்த்தி. கதவருகே ஆயா செண்பகம், கையில் பினாயில் வாளி. அடுத்த முறை தன்னுடையது என்று உள்ளேயே வந்து நின்றுவிட்ட வஜீஹா, இடுப்பில் அவள் மகன். கீர்த்தி அப்பா வரவில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் பாத்திரக் கடையை விட்டு எப்படி வருவது என்றுவிட்டார். இத்தனை பேர் முன்னால்தான் டாக்டர் என்னைக் கேட்டார்: "மாத்திரைய நிஜமாவே குடுக்கறீங்களாம்மா? இல்ல, குழந்தை அழுதுன்னு ஜன்னல் வழியா போட்டுடறீங்களா?"

நீங்கள் ஜூன் மாதம் இங்கிலாந்து போனதிலிருந்து அவர்தான் பார்க்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் கேட்கிற கேள்வியா இது? அரைக்கிலோ உப்பு வாங்கினாலும் கணக்கில் எழுதுகிறவள் நான். பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து என் சாப்பாட்டை மறந்திருக்கிறேன், அவள் மாத்திரையை மறந்ததில்லை. பெரிய ஊசிகளெல்லாம் முடிந்து, இனி இரண்டு வருஷம் தினம் ராத்திரி இந்த மாத்திரைதான் காவல் என்று நீங்களே சொன்னீர்கள். ஒருநாள் தவறவில்லை.

அவருக்குக் கோபம் எதனால் தெரியுமா? ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஏழாயிரத்து எண்ணூறு வந்திருக்கிறது. வார்டில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் குறைகிறது. கீர்த்திக்குக் குறையவே இல்லை. கன்னம் உப்பியிருக்கிறது, சளிகூடப் பிடிப்பதில்லை. நான் முருகன் அருள் என்று சர்க்கரைப் பொங்கல் செய்து வார்டுக்கே கொண்டு போயிருந்தேன். அவர் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்து, ஒரு மாத்திரையை ஒன்றரையாக ஏற்றிவிட்டார். நல்ல ரத்தத்தைப் பார்த்து ஒரு டாக்டர் ஏன் பயப்பட வேண்டும்? எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். ஆனால் விளங்கும்படி சொன்னால் விளங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போவதை எங்களிடம் சொல்லவில்லை. "டாக்டரம்மா பிளேன் ஏறிக்கினாங்கோ, உனுக்குத் தெரியாதா?" என்று செண்பகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் விலாசமும் அவள் விசாரித்துக் கொடுத்ததுதான்.

இப்படிக்கு,
சு. சண்முகவடிவு


மான்செஸ்டர்,
29.8.1995

அன்புள்ள வடிவம்மா,

நீங்கள் மாத்திரை கொடுக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சொல்லாமல் வந்தது தப்புதான். ஒரு புதன்கிழமை வார்டில் இருந்த அம்மாக்களிடம் சொன்னேன். நீங்கள் அன்று இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினால் கிளம்பவே மாட்டேன் என்ற பயம் எனக்கு இருந்தது. இதைச் சமாதானமாக ஏற்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. நோய்ச் செல்கள் எல்லாம் அழிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். ஒன்றிரண்டு எங்காவது ஒளிந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு செல் பெருக வேண்டுமானால் செங்கல் அடுக்குவது போலச் சில சரக்குகளைச் சேர்த்துத் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த மாத்திரை அந்தச் செங்கல்லின் வேஷத்தில் உள்ளே போகிறது. பொய்ச் செங்கல் சேர்ந்த கட்டடம் பாதியில் நின்றுவிடும். ஒளிந்திருக்கும் கெட்ட செல்லுக்கும் அதே கதி, நல்ல வெள்ளணுவுக்கும் கொஞ்சம் அதே கதி. அதனால்தான் வெள்ளணு ஓரளவு குறைந்தால் நாங்கள் நிம்மதியாகிறோம். மாத்திரை உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு வேறு அடையாளம் நம் வார்டில் இல்லை. குறையவே இல்லை என்றால், கெட்டதும் குறையாமல் இருக்குமோ என்று பயம். நோய் திரும்புமோ என்ற பயம். நிரஞ்சன் முகம் சுளித்தது அதற்காகத்தான். அவர் கேட்ட விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

நான் இங்கே செய்வதும் இதே விஷயம்தான். குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுவுக்குள் இந்த மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒரு இயந்திரத்தில் அளக்கிறேன். ஒரே எடை, ஒரே மாத்திரை, ஆனால் ஒரு குழந்தைக்குள் நிறைய இருக்கிறது, இன்னொன்றில் கொஞ்சம்தான். ஏன்? மருந்தைக் கையாளும் நொதி என்ற ஒரு பொருள் சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. அதைத் தேடித்தான் கடல் கடந்து வந்தேன். கீர்த்தியும் அப்படிப்பட்ட குழந்தையாக இருக்கலாம்.

ஆனால் அப்படி முடிவுகட்டும் முன் ஒன்று தெரிய வேண்டும். மாத்திரை அட்டையிலிருந்து கீர்த்தியின் வயிறு வரை எப்படிப் போகிறது? ஒன்றும் விடாமல் எழுதுங்கள். அற்பமான விஷயம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள்.

அன்புடன்,
சாருலதா


முருகன் துணை

தியாகராய நகர்,
12.9.1995

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

பொய்ச் செங்கல் விஷயத்தைக் கீர்த்தி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம கடையில ஈயத்த வெள்ளின்னு விக்க மாதிரியா?" என்றார். நம் கடையில் அப்படி விற்பதில்லை என்பதையும் எழுதச் சொன்னார்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். கீர்த்திக்கு எட்டு வயதாகியும் மாத்திரை முழுங்க வராது, தொண்டையில் நிற்கும். அதனால் பொடி செய்கிறேன். அதற்கென்றே சின்னக் கல்வம் ஒன்று கடையிலிருந்து வந்தது. வேறு எதையும் அதில் இடிப்பதில்லை. சாயங்காலம் எங்கள் தெருமுனை முருகன் கோவிலில் அபிஷேகம் ஆகும். நான் செம்போடு போய்விடுவேன். குருக்கள் எனக்கென்று அபிஷேகப் பால் எடுத்து வைத்திருப்பார், கீர்த்தி கதை அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, மாத்திரையை முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைப்பேன். பிறகு பொடித்து, அந்தப் பாலில் கல்கண்டோடு கரைத்து வைத்துவிடுவேன். கல்கண்டு கரைவதற்கும் கீர்த்தி வீட்டுப்பாடம் முடிப்பதற்கும் சரியாக இருக்கும். வெள்ளித் தம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பாள், நான் தம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மாத்திரை சூடு, பால் குளிர்ச்சி. வெறும் தண்ணீரில் கொடுத்தால் வயிறு புண்ணாகாதா?

வழியில் கொட்டவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அந்த ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறது, ஆணியோடு.

எனக்கும் சில சந்தேகங்கள். அந்த நொதி அம்மா வழியா அப்பா வழியா? சிவப்பணுவுக்குள் போய் எப்படி அளக்கிறீர்கள், அதை உடைக்க வேண்டாமா? நீங்கள் தேடுவது கிடைத்துவிட்டால் எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
சண்முகவடிவு


மான்செஸ்டர்,
25.9.1995

அன்புள்ள வடிவம்மா,

ஆமாம், உடைக்க வேண்டும். நொதி இரண்டு பேர் வழியாகவும் வரும். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மயிலாப்பூரில் இருக்கும் என் அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். "அபிஷேகப் பாலைக் காய்ச்சுவாளாம்மா?" என்றேன். "இதைக் கேக்கவா அங்கேர்ந்து ஃபோன் பண்ணினே? காய்ச்சினா அது பிரசாதமாடீ, காபியா?" என்று வைத்துவிட்டாள்.

பாலில் ஒரு நொதி இருக்கிறது. நான் தேடி வந்தது வேறு, இது வேறு. பாலில் இருப்பது இந்த மாத்திரையையே தின்று உருமாற்றக்கூடியது. ஒரு மருத்துவச் சஞ்சிகையின் மூலையில் சில வரிகள் படித்திருக்கிறேன். நம் வீடுகளில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் நாம் பாலைப் பொங்கவிட்டுத்தான் குடிக்கிறோம். சூட்டில் அந்த நொதி செத்துவிடும். பச்சைப் பாலில் மாத்திரையைக் கரைத்து ஒரு குழந்தை வீட்டுப்பாடம் முடிக்கும்வரை வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கபாலி கோவில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இது நிச்சயம் இல்லை, சந்தேகம்தான். ஆனால் காய்ச்சாத பால் வேறு காரணத்தாலும் கீர்த்திக்கு ஆகாது, கிருமி இருக்கும். எனவே நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். முதலில் நிரஞ்சனைப் பாருங்கள். அவருக்கும் எழுதியிருக்கிறேன். ஒன்றரை மாத்திரையை அவர் குறைத்த பிறகுதான் பாலை நிறுத்த வேண்டும். இதுவரை பாதி மருந்து வீணாகியிருந்தால், இப்போது முழுசும் உள்ளே போகும். அது அவளுக்கு அளவுக்கு மீறியதாகிவிடும்.

சுவாமிக்கு ஊற்றிய பாலைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. தாளை இரண்டுமுறை கிழித்துப் போட்டேன். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

சாருலதா


மான்செஸ்டர்,
2.11.1995

அன்புள்ள வடிவம்மா,

நிரஞ்சன் தொலைபேசியில் சொன்னார். கீர்த்தி காய்ச்சலோடு வார்டில் இருக்கிறாள், வெள்ளணு அறுநூறுக்கு விழுந்துவிட்டது என்றார். தினமும் இங்கே மதியம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். என் கடிதம் வந்ததா, அதனால் என்ன நடந்தது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை, நீங்கள் அவரிடம் பேசுவதில்லை என்கிறார்.

என் மேல் கோபம் என்றால் கோபத்தையே எழுதுங்கள். கீர்த்தி எப்படி இருக்கிறாள் என்று உங்கள் கையால் ஒரு வரி போதும்.

சாருலதா


முருகன் துணை

தியாகராய நகர்,
14.11.1995

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

கீர்த்தி வீட்டில் இருக்கிறாள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பூகோளப் படத்தில் நீங்கள் இருக்கும் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் எழுதுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் பூஜை அறையில் உட்கார்ந்து படித்தேன். கோபம் உங்கள் மேல்தான் வந்தது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு என் முருகன் தம்ளரில் விஷம் என்று எழுதுகிறாரே என்று. வீம்புக்கு ஒரு வாரம் அப்படியே கொடுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம், கல்கண்டு கரைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பால் மாதிரியேதான் இருந்தது. உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நடக்கவில்லை என்றும் தெரியவில்லை. பாலைத் துளசியில் ஊற்றிவிட்டு வேறு ஒன்றரை மாத்திரை எடுத்துத் தண்ணீரில் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

அளவைக் குறைத்த பிறகுதான் என்று நீங்கள் எழுதிய வரியை நான் படிக்காமலில்லை. ஆனால் அதைச் சொல்ல அவரிடம் போக வேண்டுமே. அன்றைக்கு ஜன்னலைச் சொன்னவர், இன்றைக்கு ஓ பாலா என்பார், வஜீஹா முன்னாலும் செண்பகம் முன்னாலும். மாதக் கடைசியில் எப்படியும் போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உடனே வரச்சொல்லி அவர் போட்ட கார்டு கடை விலாசத்துக்குப் போய்த் தீபாவளிச் சரக்குச் சீட்டுகளுக்குள் கிடந்தது. தீபாவளி கழிந்த மறுநாள் காய்ச்சல் நூற்று மூன்று.

கந்த சஷ்டி ஆறு நாளும் வார்டில்தான் இருந்தோம். முருகனோடு நான் பேசவில்லை. விரதமும் இல்லை, கவசமும் இல்லை. செண்பகம் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாம்மா, சாமிய கோச்சிக்கினு கீறியா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "மாத்திரைய துன்னது பாலு. சாமி இன்னா பண்ணுவாரு? அவுரு தலையில ஊத்துனத அவுரே குடிக்கல, நீதான் தூக்கினு போன." அவள் சொன்னது நியாயமா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அங்கேயே சிரித்துவிட்டேன். கீர்த்தியும் காய்ச்சலோடு சிரித்தாள்.

டாக்டர் நிரஞ்சன் காலையிலும் மாலையிலும் அவரே வந்து ஊசி மருந்தை ஏற்றினார். வெள்ளணு ஆயிரத்தைத் தாண்டிய அன்று என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அன்னிக்கு, குடுக்கறீங்களான்னு கேட்டேன். எதோட குடுக்கறீங்கன்னு கேட்டிருக்கணும்" என்றார். நானும், முதலிலேயே அவரிடம் வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் பேசினோம். இப்போது ஒரு மாத்திரை, படுக்கும் முன் தண்ணீரில். நேற்றைய வெள்ளணு இரண்டாயிரத்து அறுநூறு. எண்ணிக்கை குறைந்ததற்காக முருகனுக்கு விளக்குப் போடுவேன் என்று ஆடி மாதம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

அபிஷேகப் பாலை இப்போது கீர்த்தி அப்பா குடிக்கிறார். "எனக்கு என்ன மாத்திரையாட்டி? குடு இங்க" என்கிறார்.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. தயிரில் அந்த நொதி இருக்குமா? மோரில்? காய்ச்சின பாலில் சுத்தமாக இல்லை என்று நிச்சயமா? எத்தனை கொதி வேண்டும்? வார்டில் பாதிப் பேர் காய்ச்சின பாலில்தான் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
சண்முகவடிவு


மான்செஸ்டர்,
3.12.1995

அன்புள்ள வடிவம்மா,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். அளவைக் குறைக்கும் முன் பாலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு வரியில் எழுதியது போதாது. உங்களுக்கு எழுதும் முன்பே நிரஞ்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அவர் உங்களை நேரில் வரவழைத்திருப்பார். மாத்திரையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வருத்தத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

உங்கள் கேள்விகள் என்னைத் தூங்கவிடவில்லை. போன சனிக்கிழமை பேருந்து பிடித்து ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனேன். கறந்த பால், காய்ச்சாதது வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார் பண்ணைக்காரர். மாத்திரையைக் கரைத்துப் பார்க்க என்றேன். ஒரு புட்டி கேட்டதற்கு இரண்டாகக் கொடுத்தார், பாவம் என்று நினைத்தாரோ என்னவோ. ஒன்றைக் காய்ச்சினேன், நம் ஊர் மாதிரி பொங்கவிட்டு. மற்றொன்றை அப்படியே வைத்தேன். இரண்டிலும் மாத்திரைப் பொடி, இரண்டிலும் கல்கண்டுக்குப் பதில் சர்க்கரை. கீர்த்தியின் வீட்டுப்பாடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். பச்சைப் பாலில் மருந்து குறைந்துகொண்டே போனது. காய்ச்சிய பாலில் அசையவில்லை.

எனவே கோவில் பால்தான் காரணம் என்பது இப்போது சந்தேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் வடிவம்மா, தம்ளர் வேறு, வயிறு வேறு. காய்ச்சிய பாலோடு உள்ளே போனால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறுகிறதா, பாலின் கொழுப்போ வேறு எதுவோ அதைத் தடுக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு கீர்த்தியை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லவும் முடியாது. குழந்தைகளிடம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

என் ஆய்வகத் தலைவரிடம் சொன்னேன். "சமையலறை வேதியியல்" என்றார். கேலி இல்லை, அவருக்கு அதில் உற்சாகம் இல்லை, அவ்வளவுதான். அதே மூச்சில் இங்கே நிரந்தர வேலை ஒன்றைக் கொடுத்தார். நொதி ஆராய்ச்சியை முடிக்கலாம். அதுவும் குழந்தைகளுக்கு உதவப் போவதுதான், இருபது வருஷத்தில் என் பெயர் சொல்லக்கூடிய வேலை. ஜனவரி பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே வந்தால் இயந்திரம் கிடையாது, ரத்தத்தை உறையவைத்து இங்கே அனுப்ப வேண்டும், நிரஞ்சனின் பாதி மேஜைதான் என் ஆய்வகம். ஆனால் "எதோடு" என்ற கேள்வி நம் வார்டில்தான் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். ஒருநாள் காலை கீர்த்திக்குக் காய்ச்சிய பாலோடு மாத்திரை, ஒரு வாரம் கழித்து இன்னொரு காலை தண்ணீரோடு. இரண்டு நாளும் கையில் ஒருமுறை குத்தி மெல்லிய குழாய் வைப்போம், அதன் வழியாக மதியம்வரை அவ்வப்போது கொஞ்சம் ரத்தம். இதனால் கீர்த்திக்கு ஒரு நன்மையும் இல்லை, அவள் ஏற்கனவே தண்ணீரில்தான் குடிக்கிறாள். மறுத்தால் அவள் வைத்தியத்தில் எதுவும் மாறாது. நடுவில் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடுவோம். கேட்பது நான் என்பதால் மறுக்கத் தயங்குவீர்களோ என்பதுதான் என் பயம். தாராளமாக மறுக்கலாம். கீர்த்தியையும் கேளுங்கள்.

சாருலதா


முருகன் துணை

தியாகராய நகர்,
18.12.1995

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இருந்தவர்கள்: நான், கீர்த்தி அப்பா, கீர்த்தி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மதியம் கடை மூடியிருந்தது. நான் இரவல் கொடுத்திருந்த ஃபிளாஸ்கைத் திருப்பித் தர வந்த வஜீஹாவும் மகனோடு இருந்தாள். ஆக மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சத்தமாகவே படித்தேன்.

கீர்த்தி அப்பாதான் முதலில் பேசினார். "நம்ம பிள்ளைக்குச் சொகமாயிட்டு. பெறகு எதுக்கு ஊசி? அந்தம்மா நல்லவங்கதான், இல்லங்கல. அதுக்காகப் பிள்ளைய நீட்டணுமா?"

எனக்கும் அதேதான் மனதில் ஓடியது. கந்த சஷ்டியில் அவள் கையில் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்தார்களே, அந்த நீலம் இப்போதுதான் மறைந்திருக்கிறது. ஒரு நன்மையும் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மறுத்து எழுத வேண்டியதுதான் என்று இருந்தேன்.

அப்போது வஜீஹா கேட்டாள். "அக்கா, நான் பால்லதான் குடுக்கறேன். நல்லா காய்ச்சித்தான். இவனுக்குத் தண்ணில குடுத்தா வாந்தி பண்றான். குடுக்கலாமா, வேணாமா?"

நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன், அதில் பதில் இருக்கும் என்கிற மாதிரி. தெரியவில்லை என்றேன். டாக்டருக்கும் தெரியவில்லையாம் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மகனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். இன்றைக்கும் அவள் பாலில்தான் கொடுப்பாள், வேறு என்ன செய்வாள்?

கீர்த்தி என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"எத்தன குத்தும்மா?"

"ஒருநாளைக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்காங்க."

"நரம்பு கெடைக்கலன்னு சொல்லி இன்னொண்ணு குத்துவாங்க. எனக்குத் தெரியும்."

"குத்தினா வேண்டாம்னு சொல்லிடலாம், அதுவும் எழுதியிருக்கு."

"அப்ப, ரெண்டாவது குத்துக்கு வந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன்னு நீ எழுது. செண்பகம் அக்கா கையப் பிடிக்கணும், நீ பிடிக்கக் கூடாது, நீ அழுவ. அப்புறம் என் ரத்தத்த பூதக்கண்ணாடி வெச்சு நானும் பாக்கணும்."

"ஏட்டி, ஒன்ன யாரு கேட்டா?" என்றார் அவள் அப்பா.

"டாக்டரம்மாதான் கேட்டிருக்காங்க. இந்தா, கடைசி வரி, 'கீர்த்தியையும் கேளுங்கள்'. படிச்சுப் பாருங்க."

அவர் வாங்கிப் படித்தார். முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். அவருக்குக் கடைச் சீட்டு படித்துத்தான் பழக்கம், கடிதம் என்றால் நேரமாகும். முடித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார். "தண்ணியில ஒரு நாளு, பால்ல ஒரு நாளு. அப்படித்தானே? ரெண்டு நாளும் நான் கூட வாறேன். கடையைப் பூட்டிட்டு வாறேன்" என்றார். வேலை நாளில் கடையை அவர் தாமாகப் பூட்டி நான் பார்த்ததில்லை, டாக்டர் அம்மா. கந்த சஷ்டியிலும் மதியம் போய்த் திறந்துவிட்டுத்தான் வார்டுக்கு வருவார்.

எனவே எங்களுக்குச் சம்மதம். கீர்த்தியின் மூன்று நிபந்தனைகளை மேலே எழுதிவிட்டேன். என் நிபந்தனை ஒன்றுதான். குழாயை நீங்கள் உங்கள் கையால் வைக்க வேண்டும். ஆளை அனுப்பி, தாளை அனுப்பி நடத்துவதாக இருந்தால் வேண்டாம். டாக்டர் நிரஞ்சன் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அவரும் வருகிற அம்மாக்களிடமெல்லாம் எதோடு, எதோடு என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு அம்மா பூவன் பழத்தில் வைத்துக் கொடுக்கிறாளாம், இன்னொருத்தி ரசத்தில். பழத்தில் அந்த நொதி உண்டா?

அங்கே உங்களுக்கு நல்ல வேலை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. நொதியும் குழந்தைகளுக்குத்தான். எது பெரிது என்று சொல்ல எனக்குத் தெரியாது. சொன்னால் அது என் பிள்ளையை நினைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும். மார்கழி பிறந்துவிட்டது, விடிகாலையில் கோவிலுக்குப் போகிறேன். முருகனோடு பேச்சு வார்த்தை உண்டு. உங்களைக் கூப்பிட்டுத் தா என்று கேட்கவில்லை. உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அது தெரியட்டும் என்றுதான் கேட்டேன்.

கீர்த்திக்குப் பள்ளிக்கூடம் பொங்கலுக்குப் பிறகு தொடர்ந்து இருக்கிறது, லீவு சொல்ல வேண்டும். கடை வாசலில் விடுமுறை அட்டை வைக்க வேண்டும். செண்பகத்தின் வேலை முறையைக் கேட்டு மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் பதில் சொல்லிவிட்டோம். நீங்கள் வருகிறீர்களா, வந்தால் எந்தத் தேதி என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சு. சண்முகவடிவு